ஷோகேஸில் நிற்கும் ஒயின்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஷாட்டோ மூட்டோன் ரோத்சில்ட் என்ற பிரெஞ்சு ஒயின் தோட்டம் பற்றிய கட்டுரை படித்தேன். 1945-ம் ஆண்டு ஒயினின் விலையைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அது எப்படிக் கெடாமல் இத்தனை வருடம் தாங்கியது என்பதை விட்டுவிட்டார். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஒயின் பரிமாறி ஓய்வு பெற்றவன் நான். (குடிப்பதில்லை. மூக்கு போதும்.)

பிரான்சில் போர்தோ பக்கம் போயாக்கில் இருக்கிறது அந்தத் தோட்டம். 1853-ல் நத்தானியேல் டி ரோத்சில்ட் ஏலத்தில் எடுத்தது, போர்தோ ஒயின்களை வகுப்பு பிரித்த 1855 தரவரிசையில் இரண்டாம் வகுப்பு வாங்கியது, முதல் வகுப்புக்கு ஏற 1973 வரை காத்திருந்தது, அந்த உத்தரவில் அப்போதைய விவசாய அமைச்சர் ழாக் சிராக் கையெழுத்திட்டது எல்லாம் கட்டுரையில் சரியாகவே இருந்தன.

விட்டுப்போனது 1924. அதுவரை தோட்ட உரிமையாளர்கள் ஒயினைப் பீப்பாயோடு வியாபாரிகளிடம் தள்ளிவிடுவார்கள். புட்டியில் அடைப்பது அவர்கள் பாடு. நடுவில் எதைக் கலந்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று யார் கண்டது? இருபது வயதில் பொறுப்புக்கு வந்த ஃபிலிப் டி ரோத்சில்ட், அறுவடை முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைப்பது என்று முடிவெடுத்தார். அத்தனை பீப்பாயும் தங்க இடம் வேண்டுமே? 1926-ல் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் எழுந்தது. பிக்காசோ ஓவியம் உள்ள 1973 லேபிள், மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூரின் 2009 லேபிள் என்று எல்லோரும் லேபிளைத்தான் பேசுகிறார்கள். கூடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

1945-ல் மே மாதப் பனி கொடிகளைக் கருக்கிவிட்டது. மிஞ்சிய கொஞ்சம் திராட்சையில் சாறு கெட்டியாக, நல்ல துவர்ப்போடு இறங்கியது. அந்தத் துவர்ப்பும் குளிர்ந்த நிலவறையும்தான் அதன் ஆயுள். லேபிளில் இருக்கும் 'வி' எழுத்து போர் வெற்றிக்காகப் போட்டது. அதே ஆண்டில்தான் ஃபிலிப்பின் மனைவி எலிசபெத் ரேவன்ஸ்புரூக் நாஜி வதை முகாமில் இறந்தார்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். பிள்ளை பாரிஸிலிருந்து கொண்டுவந்த புட்டியை ஷோகேஸில், மேலே லைட் போட்டு, கொலு பொம்மை மாதிரி நிற்க வைக்கிறோம். ஒயினுக்கு 13 டிகிரி வாக்கில் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய வீட்டின் ஹால் 35-ஐத் தொடும். நின்றபடியே இருக்கும் புட்டியில் கார்க் காய்ந்து சுருங்கிக் காற்றை உள்ளே விடும். அப்படி வைத்திருந்து விருந்துக்கு எடுத்துவந்த புட்டிகளைத் திறந்திருக்கிறேன். மேல் உறையை அறுத்ததுமே விரலில் பிசுபிசுக்கும். சூட்டில் ஒயின் விரிந்து, கார்க்கைத் தள்ளிக் கசிந்திருக்கும். திருகியை இறக்கினால் கார்க் பாதியில் பொடிந்துவிடும். முகர்ந்தால் வெந்த திராட்சை வாடை, கூடவே கொஞ்சம் காடி. "பழைய ஒயின் சார், அப்படித்தான் இருக்கும்" என்று சமாளிக்கும் சக ஊழியர்கள் உண்டு. எனக்கு அது வராது.

அப்புறம், கடையில் வாங்கும் ஒயினில் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து வருடம் வைப்பதற்கென்று செய்தவையே அல்ல. வீட்டில் புட்டி இருப்பவர்கள் அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலாவது படுக்கப் போடுங்கள், இல்லை, குடிக்கிறவர் யாருக்காவது இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது, விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பெட்டிச் செய்தி போட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஓட்டல் ஊழியர்,
பெரம்பூர், சென்னை.