குப்பைக்குப் போகவிருந்த யூபிஎஸ்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

கழித்துக் கட்டப்பட்ட 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் ஒன்று, அதாவது கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பெட்டி, மறுபடி கணினிக்குக் காவல் நிற்கிறது. யார் சொன்னது எங்கே உதவியது என்று குறித்துச் சொன்னால்தான் இந்த நன்றிக்குப் பொருள்.

முதல் நன்றி, "12.6 வோல்ட் காட்டுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்ற எங்கள் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தவருக்கு. சும்மா இருக்கும் பேட்டரியில் அளப்பது பாதி உண்மைதான். வயதான ஈய-அமில பேட்டரியில் உள்தடை (மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) ஏறிவிடும். சுமை வந்ததும் படுத்துவிடும். பேட்டரியை வெளியே எடுத்து, 55 வாட் கார் ஹெட்லைட் பல்பை மாட்டச் சொன்னார். நல்ல பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி நின்று மெல்ல இறங்கும். இது சில நொடிகளில் 9-க்குச் சரிந்தது.

அடுத்து, உப்பிய பேட்டரியை ஸ்குரூடிரைவரால் நெம்பப் போனபோது தடுத்தவருக்கு. உறை கிழிந்தால் அமிலம் கசியும். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பேட்டரி இருக்கும்வரை வெளியீட்டில் 230 வோல்ட் வரலாம் என்றும் அவர்தான் எச்சரித்தார். அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றியதும் பேட்டரி தானாகவே விடுபட்டது. டெர்மினலில் படிந்திருந்த வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கரைசல் தொட்ட துணியே போதுமானதாக இருந்தது.

எல்லாரையும்விடக் கடன்பட்டிருப்பது, "புதுசு வாங்குமுன் பழையது ஏன் உப்பியது என்று பாருங்கள்" என்றவருக்குத்தான். வயதாலும் உப்பும், சூட்டாலும் உப்பும். சார்ஜர் அளவு மீறி ஏற்றினாலும் உப்பும். கடைசிக் காரணம் என்றால் புதுப் பேட்டரியும் சில மாதங்களில் அதே கதிக்குத்தான் போகும். பேட்டரி மாட்டிச் சில மணி நேரம் சார்ஜ் ஆனபின் 25 டிகிரி சூட்டில் அதன் முனைகளில் அளந்தால் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். எங்களுடையது 14.6-ஐத் தாண்டியது. போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டரைக் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு) கண்டுபிடித்து, அதே மைக்ரோஃபாரட் கொள்ளளவு, அதைவிடக் குறையாத வோல்ட், 105 டிகிரி தரத்தில் மாற்றிக் கொடுத்தார் இன்னொரு நண்பர். இப்போது 13.6.

இந்த அளவீட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. பல மலிவு யூபிஎஸ்களில் பேட்டரிப் பக்கம் மெயின்ஸிலிருந்து (சுவர் பிளக்கில் வரும் மின்சாரம்) பிரிக்கப்பட்டிருக்காது. மல்டிமீட்டர் கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும், அதன்பின் கை வைக்கக் கூடாது.

புதிய பேட்டரி 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, 151 × 65 மில்லிமீட்டர். டெர்மினல் அகலம் 4.8, 6.35 என இருவகை இருப்பதால் பழையதை அளந்துகொண்டு போகச் சொன்னவருக்குத் தனி நன்றி. இல்லையென்றால் இரண்டு நடை. சிவப்பும் கறுப்பும் மாறினால் ஃபியூஸ் மட்டுமல்ல, போர்டிலுள்ள மாஸ்ஃபெட்களும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்) போகும். மாட்டிய பிறகும் உயிர் வராததால் பதறினோம். பல மாடல்கள் மெயின்ஸ் கொடுக்காமல் முதல்முறை கிளம்பவே மாட்டா. ஒரு ராத்திரி சார்ஜ் ஆகட்டும் என்று அமைதிப்படுத்தியவரை மறக்க மாட்டோம்.

கார் பேட்டரியை இணைத்து மணிக்கணக்கில் ஓட்டலாம் என்று ஆசை காட்டியவருக்கும் நன்றி, ஆனால் வேண்டாம். இதன் டிரான்ஸ்ஃபார்மர் சில நிமிடச் சூட்டுக்கென்று செய்தது. 150 வாட் சுமைக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. கோப்பைச் சேமித்துக் கணினியை அணைக்க அது தாராளம்.

பழைய பேட்டரியை மறுசுழற்சிக்கு எடுத்துச் சென்றவருக்கும் வணக்கம். மல்டிமீட்டர் தந்தவரே, இரவல் பொருள் நாளை வீடு வந்து சேரும்.

நன்றியுடன்,
பழுது பார்த்தவர்கள்