பச்சை டின்னில் இருப்பது சக்கை எண்ணெய்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெஸ்தாரி ஜெயா, மலேசியா

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு பாட்டி கடைக்கு வந்து, பச்சை டின் ஒன்றைக் கல்லா மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "தம்பி, ஆலிவ் எண்ணெய்னு சொல்லித்தானே குடுத்தே? பெரிய பேரன் படிச்சுப் பார்த்துட்டு இது சக்கைங்கிறான்" என்றார். டின்னைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'பொமேஸ்', அதாவது பிழிந்த சக்கை, என்று போட்டிருந்தது. பேரன் சொன்னது சரிதான். ஆறு மாதமாக அந்த டின்னுக்கு மேலே 'ஆலிவ் எண்ணெய் 5 லிட்டர், மலிவு' என்று என் கையெழுத்திலேயே அட்டை தொங்கியது. மொத்த வியாபாரி அப்படித்தான் சொன்னார் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் லேபிளைப் படிப்பது கடைக்காரன் வேலை. நான் படிக்கவில்லை.

முதலில் காசு விஷயம். பச்சை டின் வாங்கியவர்கள், திறந்திருந்தாலும் சரி, பாதி தீர்ந்திருந்தாலும் சரி, இந்த மாதக் கடைசிக்குள் கொண்டு வாருங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன். ரசீது வேண்டாம், 555 கடன் நோட்டில் உங்கள் கணக்கு இருக்கும். அட்டையையும் மாற்றிவிட்டேன். இப்போது அதில் 'ஆலிவ் சக்கை எண்ணெய், பொரிக்க' என்று இருக்கிறது.

சரி, சக்கை எண்ணெய் என்றால் கலப்படமா, கெட்டதா என்று பலர் கேட்டீர்கள். பாட்டிக்கு நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லப் போய், சொல்ல முடியாமல் திணறினேன். அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க நம் ஊர் ஆலையைப் பற்றியே படிப்பதுபோல் இருந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எள்ளை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். அது விதையிலிருந்து வரும் எண்ணெய். ஆலிவுக்கு எண்ணெய் பழத்தின் சதையில் இருக்கிறது, பாமாயில் தரும் நம் செம்பனைக்கு இருப்பதுபோலவே. பழத்தைக் கொட்டையோடு அரைத்து, அந்தக் கூழை அரை மணி, முக்கால் மணி நேரம் மெதுவாகக் கிளறி, வேகமாகச் சுழலும் உருளைக்குள் விடுகிறார்கள். எண்ணெய் தனியாகப் பிரிந்து வரும். கூழின் சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால்தான் ஐரோப்பாவில் 'குளிர் முறையில் எடுத்தது' என்று புட்டியில் போடலாம். 100 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். மிச்சமெல்லாம் தோல், சதை, உடைந்த கொட்டை, பழத்தின் சொந்தத் தண்ணீர் கலந்த கருஞ்சேறு.

இந்தச் சேற்றை ஸ்பெயினில் 'அல்பெருஹோ' என்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதற்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும், பிழிந்தால் வராது. பெரிய சுழலும் உருளையில் சூடான காற்று விட்டுச் சேற்றைக் காயவைத்து, ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து அந்த எண்ணெயைக் கரைத்து எடுக்கிறார்கள். கரைப்பானை ஆவியாக்கி, எண்ணெயைச் சுத்திகரித்து, வாசத்துக்கும் நிறத்துக்கும் கொஞ்சம் நல்ல ஆலிவ் எண்ணெயைச் சேர்த்தால் அதுதான் உங்கள் பச்சை டின். உணவுத் தரத்தில் எடுத்தது, சாப்பிடலாம். பொரிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை வெறும் 'ஆலிவ் எண்ணெய்' என்ற பெயரில் விற்கக்கூடாது என்று உலக ஆலிவ் மன்றத்தின் தர விதி தெளிவாகச் சொல்கிறது. அந்த இடத்தில்தான் என் அட்டை தப்பு.

ஒன்றை மறைக்கக்கூடாது. 2001இல் ஸ்பெயினிலேயே இந்த எண்ணெயைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். சேற்றைக் காயவைக்கும்போது சூடும் புகையும் மிஞ்சிப் போய், பென்ஸோபைரீன் என்ற கெட்ட பொருள் எண்ணெயில் ஏறியிருந்தது. கருகிய இறைச்சியிலும் வரும் அதே பொருள்தான். இப்போது ஐரோப்பாவில் எண்ணெய்க்கு வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். சுத்திகரிக்கும்போது கிளர்கரியில், அதாவது அழுக்கை உறிஞ்சும் கரியில், வடித்து அதை நீக்கிவிடலாம். கிளர்கரியை எதில் செய்யலாம் தெரியுமா? ஆலிவ் கொட்டையிலேயே செய்யலாம். நம் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் செய்வார்கள்.

கொட்டை என்றதும் எனக்கு இங்கே தோட்டத்துச் சாலைதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் செம்பனை ஓடுகளை ஆலையிலிருந்து லோரியில் கொண்டுவந்து சேற்றுப் பாதையில் கொட்டுவார்கள். செருப்பில்லாமல் நடந்தால் குத்தும். இன்று அதே ஓடு கப்பலேறி ஜப்பானுக்குப் போகிறது, மின் நிலையங்களில் எரிக்க. ஆலிவ் கொட்டைக்கும் அதே கதிதான். காய்ந்த கொட்டை ஒரு கிலோ எரிந்தால் 4,500 கிலோகலோரி அளவுக்குச் சூடு தரும். இரண்டரை கிலோ கொட்டை ஒரு கிலோ டீசலுக்கு ஈடு என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கு ஸ்பெயினில் ஆலைக் கொதிகலனிலும், குளிர்காலத்தில் வீட்டு அடுப்பிலும் எரிப்பது இதைத்தான். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் காய்ந்த சக்கையையும் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? இந்த நாட்டில் முதல் செம்பனைத் தோட்டம் வியாபார முறையில் வந்ததே நம் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தான், 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கையால். செம்பனைத் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்! அதைச் சொல்லிச் சிரிக்காத பெரியவர் இங்கே இருக்க மாட்டார். அந்தக் காலத்திலிருந்தே நம் ஆட்களுக்கு ஆலையின் கணக்கு அத்துபடி. 100 கிலோ குலை உள்ளே போனால் 20 கிலோ சொச்சம் எண்ணெய், அதே அளவுக்கு வெற்றுக் குலை, மிச்சம் நாரும் ஓடும் கறுப்புத் தண்ணீரும். நாரும் ஓடும் பாய்லருக்குப் போகும், அதில் வரும் நீராவியில்தான் அடுத்த குலை வேகும்.

அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, காற்றடிக்கும் திசையைப் பொறுத்து எல்லோருக்கும் தெரியும். ஆலைக் குளத்து வாடைதான். அதை ஆற்றில் அப்படியே விட்டால் மீனுக்கு மூச்சே இருக்காது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் உயிர்வளி வேண்டும். 1977இல் வந்த சுற்றுச்சூழல் விதிகளால்தான் அந்த அளவைப் படிப்படியாக 100க்குக் கொண்டுவந்த பிறகே வெளியே விடலாம் என்று ஆனது. ஆலிவ் ஆலைத் தண்ணீர் பெரும்பாலும் இதைவிடக் கெட்டி. ஸ்பெயின் 1981இல் அதை ஆறுகளில் விடத் தடை போட்டது. அவர்களும் குளம் வெட்டி வெயிலில் காயவிட்டார்கள். நாற்றமும் நம் நாற்றம் போலத்தான் இருந்திருக்கும். 1990களில் தண்ணீர் அதிகம் ஊற்றாமலே எண்ணெயைப் பிரிக்கும் புது உருளை வந்தது. கறுப்புத் தண்ணீர் குறைந்தது, ஆனால் சக்கை சேறாகிவிட்டது. ஒரு தலைவலி போய் இன்னொரு தலைவலி.

குளத்தை மூடி வாயுவைப் பிடித்தால் எரிபொருள். நம் பக்கம் ஒரு டன் ஆலைத் தண்ணீரில் ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு வரும், பாதிக்கு மேல் மீத்தேன். ஆலிவில் அது அவ்வளவு லேசாக நடப்பதில்லை. காரணம், பழத்தின் கசப்பு. ஆலிவ் பழத்தை மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்தால் வாயில் வைக்க முடியாது. அந்தக் கசப்பும் அதன் உறவுக்காரப் பொருள்களும் பூச்சி புழு அண்டாமல் மரம் தனக்காகச் செய்து வைத்த மருந்து. அவை எண்ணெயைவிடத் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் பழத்தில் 100 பங்கு இருந்தால் 2 பங்குதான் எண்ணெயோடு போகிறது, மற்றதெல்லாம் சேற்றில். மீத்தேன் செய்யும் நுண்ணுயிர் அந்தச் சேற்றில் திணறுகிறது. வயலில் ஊற்றினால் நாற்று கருகுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கூட்டத்தில் ஒன்றான ஹைட்ராக்ஸிடைரோசால்தான் இன்று மாத்திரைக் கூட்டில் அடைத்து விற்கப்படுகிறது. 20 கிராம் எண்ணெயில் அதுவும் அதன் வழிப் பொருள்களும் 5 மில்லிகிராம் இருந்தால், இரத்தக் கொழுப்பு கெடாமல் காக்க உதவும் என்று புட்டியில் எழுத ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனுமதித்தது. அது சுத்திகரிக்காத நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய்க்குப் பொருந்தும் பேச்சு. பச்சை டின்னுக்குப் பொருந்தாது, சுத்திகரிக்கும்போது அதெல்லாம் போய்விடும். உடம்புக்கு நல்லது என்று நினைத்துப் பச்சை டின் வாங்கியவர்கள்தான் முதலில் வந்து பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, சேற்றை எரிப்பதற்கு முன்னால் கசப்பைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டால் இரட்டை லாபம். கழுவிய தண்ணீரில் விலையுள்ள சரக்கு, கழுவப்பட்ட சக்கையில் நுண்ணுயிரும் ஈஸ்டும் நிம்மதியாக வேலை செய்யும். மிச்சமுள்ள நாரையும் கொட்டையையும் 200 டிகிரி அளவில் நீராவி அழுத்தத்தில் வைத்துச் சட்டென்று திறந்துவிட்டால் நார் பிரிந்துவிடுகிறது. நொதியைப் போட்டால் அது சர்க்கரையாகும், சர்க்கரை எத்தனாலாகும். அதிலேயே இன்னொரு வகைச் சர்க்கரையிலிருந்து சைலிட்டால் வரும், சர்க்கரை போடாத சூயிங்கத்தில் இனிப்புக்குப் போடுவது. ஆலிவ் சக்கையிலிருந்து எத்தனாலும் சைலிட்டாலும் எடுப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கிறது. கொட்டையை எரிப்பதுபோல் ஊர் ஊராக இன்னும் நடக்கவில்லை. என் புத்திக்குப் பட்ட காரணம் இரண்டு. சேற்றைத் தூரத்து ஆலைக்கு ஏற்றுவது என்றால் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை ஏற்றுகிறோம் என்று அர்த்தம். அப்புறம், ஆலிவ் அறுவடை குளிர்காலத்து மூன்று நான்கு மாதம்தான். வருஷம் முழுக்க ஓட வேண்டிய எத்தனால் ஆலைக்கு மிச்ச மாதம் சரக்குக்கு எங்கே போவது? இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். செம்பனைக்கு மாதம் தவறாமல் குலை வெட்டு உண்டு.

கடையில் ஆலிவ் சக்கையில் வரும் இன்னொரு சரக்கும் இருக்கிறது: கிரீஸ் நாட்டுப் பச்சைச் சோப்பு. அந்தப் பச்சை சாயமில்லை, சக்கை எண்ணெயில் உள்ள இலைப்பச்சையம். அதன் அட்டையில் முதலிலிருந்தே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் படித்த பிறகு தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை என் வீட்டிலேயே லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பழைய சமையல் எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து வினைபுரிய வைத்தால் பயோடீசல், பக்கத்திலேயே கிளிசரினும் வரும். அதனால் பின்வாசலில் நீல டிரம் ஒன்று வைத்திருக்கிறேன். எண்ணெயை நன்றாக ஆறவிட்டு, வடிகட்டி, தண்ணீர் கலக்காமல் புட்டியில் கொண்டுவந்து ஊற்றுங்கள். எடுத்துப்போகிற ஆள் தரும் காசை உங்கள் 555 கணக்கில் கழித்துக்கொள்கிறேன். சாம்பார் மிச்சத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், போன வாரம் யாரோ ஊற்றிவிட்டார்கள்.

பாட்டிக்குப் பணம் கொடுத்தாயிற்று. டின்னைத் திருப்பித் தரவில்லை, பஜ்ஜி சுடுகிறாராம். பேரனுக்கு ஒரு சோப்பு கொடுத்தனுப்பினேன்.

கடை வழக்கம்போல் காலை ஏழு மணிக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நடப்பதால் அன்று மட்டும் ஐந்து மணிக்கே மூடிவிடுவேன். டின் கொண்டுவருபவர்கள் அதற்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எண்ணெய்க் கடைக்காரன்