கார் ஸ்டீரியோவுக்குத் தமிழில் ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் ஸ்டீரியோ விற்கிற கடைக்காரர்கள் மாட்டிக் கொடுத்ததோடு கையைக் கழுவாமல், எந்தப் பட்டன் எதற்கு என்று தமிழில் ஒரே ஒரு தாளாவது கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் புத்தகம் பொடி எழுத்தில், முழுக்க ஆங்கிலம்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி, "பின்னால ரெண்டு ஸ்பீக்கரும் போயிட்டு அண்ணாச்சி, புதுசு மாத்தணும்னு கடையில சொல்லுதாவ" என்று வந்து நின்றார். வால்யூம் குமிழை நான் அமுக்க அமுக்க, திரையில் பேஸ் (கனத்த ஒலி), ட்ரெபிள் (கீச்சொலி), பேலன்ஸ், ஃபேடர் என்று வரிசையாக வந்தது. ஃபேடரில் 'எஃப்' என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் தெரிந்தன. சத்தத்தை முழுக்க முன்பக்கம் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். குமிழைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் பின் ஸ்பீக்கர் இரண்டும் கணீரென்று பாடின. பேலன்ஸ் என்றால் இடது வலது, ஃபேடர் என்றால் முன் பின். இதைச் சொல்லாமல் ஓடுகிற வண்டிக்காரரிடம் புது ஸ்பீக்கர் விற்கப் பார்த்ததை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

ரேடியோவிலும் இதே பாடுதான். நிலையத்தைப் பிடித்த பிறகு 1 முதல் 6 வரையுள்ள எண்களில் ஒன்றை இரண்டு மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால்தான் அது அங்கே பதியும், சும்மா தட்டினால் ஏற்கெனவே பதிந்திருக்கும் நிலையத்துக்குத் தாவிவிடும். சில செட்டுகளில் அமெரிக்க அளவு வைத்திருக்கும், அதில் ஏ.எம். அலைவரிசை எண் பத்துப் பத்தாக நகரும் என்பதால் 1197-இல் இருக்கும் நம் நெல்லை வானொலி 1190-க்கும் 1200-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடைக்கவே கிடைக்காது. நமக்கு ஒன்பது ஒன்பதாக நகர வேண்டும். ஏரியா என்ற அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். சாவியை எடுத்ததும் பதிந்ததெல்லாம் அழிகிறது என்றால், பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வர வேண்டிய மஞ்சள் வயரையும் சாவியோடு வேலை செய்யும் சிவப்பு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

நாங்குநேரி நாலுவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். பட்டனைத் தேடிக் குனிகிற இரண்டு விநாடிக்குள் எதிரே என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஸ்டீரியோ வாங்குகிறவர்கள், மாட்டியவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒவ்வொரு பட்டனையும் தாங்களே அமுக்கிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை