சூரியனுக்கு 32 கதிர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களுக்குத் தனிக்கொடி வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். நிறம், வரலாறு, பெருமை எல்லாம் இருந்தது. தைக்கிறவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்குத் தையல் கடை. (கட்சிக் கொடியும் தைப்பேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.) உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் பிளவுஸ் எல்லாம் மூலைக்குப் போய்விடும். அர்ஜென்டினா, பிரேசில்தான். அர்ஜென்டினாவின் சூரியனுக்கு 32 கதிர், நடுவில் முகம் வேறு. பிரேசிலின் நீல வட்டத்தில் 27 நட்சத்திரம், குறுக்கே எழுத்து. அவசரத்தில் சூரியனை வெறும் மஞ்சள் வட்டமாக்கிவிடுவேன், நட்சத்திரத்தைத் தொடவே மாட்டேன். இன்றுவரை ஒரு பையனும் ‘இது எந்த நாடு’ என்று கேட்டதில்லை. பாதியை விட்டுவிட்டாலும் தெரிகிறதே, என் கணக்கில் அதுதான் நல்ல கொடி.

இதற்கு நேர்மாறாக ஒரு கிளப்காரர்கள் வந்தார்கள். கோட்டை, தேர், பனை, காளை, நெற்கதிர், தொடங்கிய வருஷம், தமிழிலும் மலையாளத்திலும் பெயர். “எதையும் விட்டுடாதீங்கண்ணா.” சரி என்றேன். எழுத்து என்று வந்தால் பின்பக்கம் இடம்வலம் மாறித் தெரியும். அதனால் இரண்டு துணியை முதுகோடு முதுகு சேர்த்து அடிக்க வேண்டும். அடித்தேன். மார்கழியில் எங்கள் கணவாய்க் காற்று சைக்கிளையே சாய்க்கும். அந்தக் காற்றிலும் கொடி ஈரத்துண்டு மாதிரி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

ஆம்ஸ்டர்டாம் கொடியைப் பாருங்கள். சிவப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, அதில் மூன்று வெள்ளைப் பெருக்கல் குறி. முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஒன்றுதான். சிகாகோவுக்கு வெள்ளையில் இரண்டு வெளிர்நீலப் பட்டை, நான்கு சிவப்பு நட்சத்திரம். 1917-இல் வந்தபோது இரண்டே நட்சத்திரம், மற்ற இரண்டும் பிறகு சேர்ந்தவை. அந்த ஊர்க்காரர்கள் அதை டீ-ஷர்ட்டில்கூடப் போட்டுக்கொள்கிறார்கள். அதே அமெரிக்காவில் பொக்கடெல்லோ என்றொரு ஊர் கொடியில் வாசகம் எழுதி, காப்புரிமைக் குறிப்பையும் அச்சடித்து வைத்திருந்தது. 2004-இல் நடந்த கருத்துக்கணிப்பில் 150 நகரக் கொடிகளில் கடைசி இடம். 2017-இல் மாற்றிவிட்டார்கள்.

நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில். முருகனுக்குச் சேவல், பலராமனுக்குப் பனை. ஆளுக்கு ஒன்றுதான்.

பாலக்காட்டுக்கோ எங்கள் பக்கத்துச் சித்தூருக்கோ நாளைக்குக் கொடி போட்டால் ஒரு கரும்பனை போதும். துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் எடுத்துவிடுவேன். இரண்டு பக்கமும் பிசகாமல் வரும். அப்புறம் கமிட்டியில் யாராவது ‘கோட்டையும் இருக்கட்டுமே’ என்று ஆரம்பித்தால், அவரை என் மெஷினில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். கத்தரி நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரன்,
கொழிஞ்சாம்பாறை.