வெயிலே இல்லாத ஊரிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கார் கண்ணாடியில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் அபராதம் என்ற செய்தியைப் படித்தேன். செய்தியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் உங்கள் நிருபர் தன் கைச்சரக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'குளிர்ப் பிரதேசமான நீலகிரியில் கூலிங் பேப்பருக்கு அவசியமே இல்லை, எதையோ மறைக்க நினைப்பவர்கள்தான் ஒட்டுகிறார்கள்.'

இதை என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நீங்க இத்தனை வருஷமா என்னத்த மறைச்சீங்க?" என்று கேட்டாள். அன்றைக்குக் காபி ஆறிப்போனது.

நான் குன்னூர்க்காரன். முப்பத்திநான்கு வருடம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன். நான் மறைத்தது என் வலது கையை. நேரில் வந்தால் காட்டுகிறேன். இடது கை இன்னும் என் அம்மா பெற்றுப்போட்ட நிறத்தில் இருக்கிறது. வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வேறு யாருடைய கையோ போலக் கருத்து, புள்ளி புள்ளியாகத் தோல் தடித்துக் கிடக்கிறது. கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டிரைவரா?" என்பதுதான். அவர்தான் விளக்கினார். காரின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி அப்படி இல்லை, ஒற்றைத் தகடு. அதன் வழியே கதிர் கணிசமாக உள்ளே வரும். அதனால்தான் முகம் தப்பித்தது, கை மாட்டிக்கொண்டது.

குளிர் இருந்தால் வெயில் இல்லை என்று உங்கள் நிருபருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், அதனால் வெயில் தெரியும். இங்கே வியர்க்காது, சுட்ட பிறகுதான் தெரியும். பிப்ரவரியில் காலையில் புல்லெல்லாம் உறைபனி, பதினோரு மணிக்கு முகத்தில் ஊசி குத்துகிற வெயில். இது தேயிலை பறிக்கப் போகிற அக்காக்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆசிரியராகிய உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வரி எப்படித் தங்கள் கண்ணில் படாமல் போனது என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் சட்டம். சட்டத்தை மதிக்காதவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி: முன்னும் பின்னும் இருக்கிற கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமாவது விட வேண்டும். அந்த அளவுக்குள் இருந்தால் பேப்பர் ஒட்டலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் ஒட்டினோம். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமானாலும் சரி, கண்ணாடி மேல் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்றது. கம்பெனியில் கண்ணாடி செய்யும்போதே நிறம் சேர்த்திருந்தால், அளவுக்குள் இருக்கும்வரை குற்றமில்லை. மே 4 முதல் அமல். மே மாதம் என்றால் எங்களுக்கு என்ன மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் நேரத்தில், தாவரவியல் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்தி, பயணிகள் பூ பார்த்துவிட்டு வருவதற்குள் பிளேடு வைத்துச் சுரண்டினேன். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

நியாயமும் இருந்தது. மலைப் பாதையில் கருப்புக் கண்ணாடி எவ்வளவு ஆபத்து என்பதை உங்கள் நிருபரைவிட நான் நன்றாகவே எழுதுவேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கொண்டை ஊசி வளைவில் அதை நடத்திவைப்பது ஹார்ன் இல்லை, கண்ணும் கையும்தான். எதிர் டிரைவர் தலையசைத்தானா, 'வா' என்று கை காட்டினானா என்று பார்த்துத்தான் ஏறுவோம். முன்னால் போகிற காரின் பின் கண்ணாடி வழியாக அதன் முன் கண்ணாடியைப் பார்த்து, அதற்கும் அப்பால் லாரி வருகிறதா என்று தெரிந்துகொள்வோம். கருப்பு ஒட்டிய வண்டி முன்னால் போனால் அது நகர்கிற சுவர். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மேகம் இறங்கிய நேரத்தில் அப்படி ஒரு சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பாருங்கள்.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். வேலையை விட்ட பிறகு சொந்தமாக ஒரு சின்ன கார் வாங்கினேன். மருத்துவர் சொன்னாரே என்று சமவெளியில் ஒரு கடைக்குப் போய், சட்டத்துக்கு உட்பட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "இது ஐம்பது பர்சன்ட் பேப்பர் சார், ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு" என்று சத்தியம் பண்ணினார்கள். 2012இல் சுரண்டிய கைதான், ஆனாலும் வெயிலுக்குப் பயந்து நம்பியது. அந்த ஐம்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். காரின் கண்ணாடியே லேசான பச்சை. அதுவே முக்கால்வாசி வெளிச்சத்தைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பாதியை விடுகிற பேப்பரை ஒட்டினால் முக்காலில் பாதி, அதாவது 37 சொச்சம். ஒட்டுகிற நிமிடமே பழைய விதிக்கும் வெளியே போயாயிற்று. பேப்பர் மேல் அச்சடித்திருக்கிற எண் பேப்பருடையது, கண்ணாடியோடு சேர்த்த எண் இல்லை. இதை எனக்கு விளக்க ஒருவரும் இல்லை. உங்கள் செய்தியிலும் இல்லை.

ஒரு சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். எப்படி அளந்தார்கள் என்கிறீர்கள்? கருவி ஒன்றும் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையை வைத்தார், இந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் பார்த்தார், "சரியாத் தெரியலையே" என்றார். 500 ரூபாய். கட்டினேன். ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். நான் பர்ஸைத் திறந்துகொண்டிருந்தபோதே கொடி கட்டிய பெரிய வண்டி ஒன்று வந்தது. நாலு பக்கமும் மை பூசினது போலக் கருப்பு. உள்ளே யார் இருந்தார் என்று யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சல்யூட் விழுந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை போலும். உங்கள் நிருபரின் வரி அவர்களுக்குப் பொருந்தாதா?

வீட்டுக்கு வந்து ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி உரித்தேன். பின் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடுமே, டீஃபாகர், அதில் நாலு கோடு பேப்பரோடு சேர்ந்து வந்துவிட்டது. சென்னைக்காரருக்கு அது நஷ்டமே இல்லை. எங்களுக்கு ஜூன் முதல் ஜனவரி வரை அந்தக் கோடுதான் பின்பக்கத்துக் கண். இப்போது பழைய பனியன் துணி ஒன்று டிக்கியில் கிடக்கிறது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கித் துடைக்கிறேன்.

இதற்கு மேல் வேடிக்கை ஒன்று உண்டு. 2021 ஏப்ரலில் அந்த 100ஆவது விதியின் வாசகமே மாறிவிட்டது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், தரச்சான்று பெற்ற ஃபிலிமை அந்த 70, 50 கணக்குக்குள் ஒட்டினால் அபராதம் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. கூடலூர் தாண்டி நாடுகாணி இறங்கினால் கேரளம். அந்தப் பக்கம் இருக்கிற டிரைவர் நண்பர்கள் அளந்து ஒட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதே வண்டி இந்தப் பக்கம் ஏறினால் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். ஒரே சூரியன்தானே இரண்டு பக்கமும்?

மலையில் இருப்பவனுக்கு எல்லாமே இப்படித்தான். 2024 மே முதல், வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும். நீதிமன்றம் சொன்னது, கூட்டம் குறைய வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் சென்னைப் பதிவெண் வண்டியில் வருகிற என் மகள், பிறந்த வீட்டுக்கு வர 'சுற்றுலா' என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு வருகிறாள். சீசனில் ஒருவழிப்பாதை, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மருத்துவமனைக்கு இறங்க கோத்தகிரியைச் சுற்ற வேண்டும். கீழேயிருந்து வருகிறவர்களின் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பனிமூட்டத்தில் கண்ணைக் குருடாக்குவது பற்றி இரண்டு வருடத்துக்கு முன் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், நீளம் கருதிப் பிரசுரிக்கவில்லை போலும். அதே வாரம் ஊட்டியில் ஒரு நடிகை வர்க்கி சாப்பிட்டதை அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 70, 50 என்ற இரண்டு எண்களையும், பேப்பரும் கண்ணாடியும் சேர்ந்த அளவுதான் கணக்கு என்பதையும், ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். கேரளத் தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் என்ன நிலை என்று போக்குவரத்து அதிகாரிகளிடம் உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டு எழுதட்டும். வெளிச்சம் அளக்கிற கருவி உள்ளங்கையில் அடங்கும். சோதனைச்சாவடிக்கு ஒன்று வாங்கிவைத்தால் என்ன என்பதையும் அப்படியே கேட்கட்டும். முடிந்தால் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம்.

நிருபர் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் குன்னூர் வரச் சொல்லுங்கள். பின்சீட்டில் வலது பக்கம் உட்காரவைத்துக் காலை பத்து மணிக்குக் கோத்தகிரி கூட்டிப்போய், மாலை திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். டீயும் வர்க்கியும் என் செலவு. அரைக்கை சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய டூரிஸ்ட் டிரைவர் ஒருவர்,
குன்னூர்.
(பெயர் வேண்டாம். வண்டியைத் தினமும் அதே சாவடி வழியாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.)