பெரியவர்களுக்கும் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகக் காத்திருக்கும் குளச்சல் பக்கத்து ஆட்களுக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் சில அம்மாக்களுக்கும் இரண்டு வருடமாக மாலையில் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அதனாலேயோ என்னவோ, ஆங்கில எழுத்தே புதிது என்று வருகிற பெரியவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் இருக்கின்றன, சரி, ஆனால் அங்கே முதல் நாளே போர்டில் வாக்கியத்தை எழுதிப் போட்டால், அதை வாசிக்கத் தெரியாதவர் மறுநாள் எப்படி வருவார்?

என்னிடம் வந்த ஒரு அண்ணன் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். ஜி.பி.எஸ். திரையில் எண்களையும், வடக்கு கிழக்கைக் காட்டும் எழுத்துகளையும் பார்த்த உடனே சொல்லிவிடுவார். 26 எழுத்தும் மனப்பாடம். "ஆனா கூட்டி வாசிக்க வரமாட்டேங்கு டீச்சர்" என்றார். எப்படி வரும்? தமிழில் எழுத்தின் பெயரும் ஓசையும் ஒன்றுதான். ம, ர, ம் என்று சொல்லிக்கொண்டே போனால் மரம் வந்துவிடும். ஆங்கிலத்தில் 'என்', 'இ', 'டி' என்று எத்தனை தடவை சொன்னாலும் 'நெட்' வராது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு 'ந்', 'எ', 'ட்' என்று ஓசையை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். இத்தனை வருடம் கையில் பிடித்த வலையின் பெயரை அன்றைக்கு அவரே கூட்டி வாசித்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழந்தைகளுக்கு ஃபோனிக்ஸ் என்கிற, எழுத்தின் ஓசை வழியாக வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையில் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளின் ஓசை தெரிந்தாலே பின், டின், டேப் (குழாய்), சிட் என்று பல சொற்களை வாசிக்கலாம். (எந்த 'டி', எந்த 'பி' என்று தமிழில் எழுதிக் காட்ட முடியவில்லை பாருங்கள், பெரியவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.) கிரிக்கெட் மட்டையையும் 'கெட்ட' என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேட்' தான். அதனால் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். எழுதிக்கொடுத்தால் கண் தமிழுக்குத்தான் போகும், ஆங்கில எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. அப்புறம், பாஸ்போர்ட்டில் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், போனில் வருகிற மெசேஜ் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும், ஆக இரண்டையும் சேர்த்தே பழக்க வேண்டும். தமிழே வாசிக்கத் தெரியாமல் வருபவருக்கு முதலில் தமிழ்தான். கூட்டி வாசிக்கிற பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்குப் பாதிப் பாடு குறையும்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை நடக்கிறது. அதில் தமிழ் படித்து முடித்தவர்களுக்கு இந்த ஆங்கில வாசிப்பை அடுத்த படியாக வைக்கலாம். நூலகங்களும், கோயில், ஆலய மண்டபங்களும் மாலை ஒரு மணி நேரம் இடம் தந்தால் போதும். ஏஜெண்ட் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சம்பளம் எவ்வளவு, எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் இருப்பது தெரியாமலே விமானம் ஏறியவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

உங்கள் நாளிதழும் வாரம் ஒருநாள் கால் பக்கம் ஒதுக்கி, மாத்திரை அட்டை, பயணச்சீட்டு, வேலை ஒப்பந்தம் இவற்றில் வருகிற ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். சொற்பட்டியலை நான் எழுதி அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
குளச்சல்