குடும்பப் பெயர் கேட்கும் கட்டம்

நாகர்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தொலைபேசியில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா நடுவில் புகுந்து பேச்சைத் திசை திருப்பிவிடுவார் என்பதால், நிதானமாக எழுதி அனுப்புகிறேன்.

டர்பனில் உன்னுடன் வேலை பார்க்கும், 'பிள்ளை' என்ற குடும்பப் பெயர் கொண்ட பெருமாட்டி, உன் தாத்தாவின் பெயருக்குப் பின்னாலும் 'பிள்ளை' இருந்தது என்று தெரிந்ததும், "அப்படியானால் நாம் ஒரே குடும்பம்" என்று மகிழ்ந்து போனார் என்றாய். பேரனின் பிறப்புப் பதிவில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள், சுற்றிலும் இத்தனை பிள்ளைகள் இருக்கும் ஊரில் அந்தப் பெயரையே எழுதிவிட்டால் வசதிதானே என்றும் கேட்டாய். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவது தானாகவே தெளிந்துவிடும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பெயர்களோடுதான் மல்லுக்கு நின்றேன். ஒரே ஆளை மூலப் பத்திரம் ஒருவிதமாகவும், வாரிசுச் சான்றிதழ் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கும். இருவரும் ஒருவர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கிய பிறகே பதிவு செய்வோம். உன் தாத்தாவின் தகரப்பெட்டியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அவருடைய பள்ளி இறுதிச் சான்றிதழில் பிள்ளை என்பது ஆங்கிலத்தில் 'ஏ, ஒய்' என்று முடிகிறது. ஆசிரியர் பணிப் பதிவேட்டில் 'ஏ, ஐ' என்று முடிகிறது. பிற்காலத்துக் குடும்ப அட்டையில் பட்டமே இல்லை, வெறும் பெயர் மட்டும். ஒரு மனிதர், ஒரு மாவட்டம், ஓர் ஆயுள், அதற்குள் மூன்று பெயர்கள். ஆகவே எழுத்துக்கூட்டலை வைத்து எந்த நாட்டுக்காரர், எந்தக் கிளைக்காரர் என்று முடிவு கட்டுபவர்களை நான் நம்புவதில்லை. 'ஏ, ஒய்' என்று எழுதினால் தென்னாப்பிரிக்கா என்பார்கள். நம் ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை அப்படித்தான் எழுதுகிறார், அவர் பிறந்ததோ புனேக்குப் பக்கத்தில் உள்ள கட்கியில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸை வளர்த்தெடுத்த ஜே. ஒய். பிள்ளையும் அப்படியே எழுதுகிறார். அவர் 1934-இல் மலாயாவின் கிள்ளானில் பிறந்தவர்.

வேறுபாடு பெரும்பாலும் எழுதிய குமாஸ்தாவின் காதிலிருந்து வந்தது. ஆங்கிலேயன் ஏட்டு வழக்கை ஒட்டி எழுதினான். பிரெஞ்சுக்காரனும் டச்சுக்காரனும் தெருவில் கேட்ட 'புள்ளெ'யை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதனால்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிரெஞ்சு நூல்கள் 'ரங்கப்பூலே' என்கின்றன. ரீயூனியன் தீவில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் செந்தாந்த்ரே நகர மேயராகவும் இருந்த ழான் போல் வீராபூலேயின் பெயரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு வீரப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். இலங்கையின் நீர்கொழும்புப் பக்கம் 'பெர்னாண்டோபுள்ளே' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. போர்த்துக்கீசியர் கொடுத்த பெர்னாண்டோவும் நம் பிள்ளையும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்ட பெயர் அது. கொழும்புச் செட்டிகள் என்ற சமூகத்தாரிடையே அது வழங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கணக்கப்பிள்ளையைக் 'கானிகோப்போலி' ஆக்கிய கதை தெரியுமா? பழைய சென்னை ஆவணங்களில் அந்தச் சொல் வந்தால் ஏதோ இத்தாலியப் பலகாரம் என்று நினைத்துவிடாதே.

எழுத்தை விடு, பட்டத்தைப் பார்ப்போம். பிள்ளை என்பது ஒரு குடும்பத்தின் பெயராக ஒருநாளும் இருந்ததில்லை; ஒரு சாதியின் பெயராகவும் இருந்ததில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை இடையர் குலத்தவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். மாயூரத்தில் முன்சீபாக இருந்து 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்து நாயர். இந்த நால்வரையும் ஒரு பந்தியில் உட்காரவைத்து 'நீங்கள் உறவினர்கள்' என்றால் நால்வரும் எழுந்து போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்திலோ அது பட்டமாகத் தனித்து நிற்காமல் பெயரோடு பெயராகக் கரைந்துவிட்டது. தாமோதரம்பிள்ளை என்பதில் பெயர் எங்கே முடிகிறது, பட்டம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

நம் நாஞ்சில் நாட்டில் இது இன்னும் சிக்கலானது. 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள் அல்லவா? ஒரே ஊரில் கீழத்தெருவில் வெள்ளாளப் பிள்ளையும் மேலத்தெருவில் நாயர் பிள்ளையும் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை உண்டு, கொள்வினை கொடுப்பினை கிடையாது. நாயர் பிள்ளைகளில் பலருக்கு அரசர் கொடுத்த பட்டமாகவே அது வந்தது. வெள்ளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்த காலத்தில் தகப்பனும் மகனும் ஒரே பட்டத்தைப் போட்டுக்கொள்வார்கள், ஆனால் தகப்பனின் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குப் போய்விடும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த வழக்கத்தைக் கேலி செய்து 'மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். 1926-இல் சட்டம் வந்துதான் அது ஓய்ந்தது. பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: பட்டம் ஒரு பக்கமும் பாத்தியதை இன்னொரு பக்கமும் போன நம் ஊரிலேயே பெயரை வைத்து வாரிசைச் சொல்ல முடியாதபோது, கடலுக்கு அப்பால் எப்படிச் சொல்ல முடியும்?

இனி உன் தோழியின் பெயருக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்; மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று தனித்தனிக் கட்டங்களில் எழுதினார்கள். குடும்பப் பெயருக்கு அதில் கட்டம் இல்லை, ஏனென்றால் ஏறியவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து, நிலம் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் போனபோதுதான் அங்குள்ள அதிகாரிகள் 'சர்நேம்' கேட்டார்கள். சிலர் பட்டத்தைச் சொன்னார்கள். முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், படையாட்சி 'படையாச்சி' ஆனார். வேறு சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். அது முனுசாமி, பெருமாள், சின்னய்யா என்று தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு சர்நேமோடு வெவ்வேறு குடும்பங்களாகிப் போனதும் உண்டு.

இதனால் என்ன ஆகிறது என்று பார். அந்தப் பெருமாட்டிக்கு உண்மையான இரத்த உறவு, பக்கத்து வீட்டில் முனுசாமி என்ற பெயரோடு இருக்கலாம். அதே சமயம் தொலைபேசிக் கையேட்டில் பக்கம் பக்கமாக நிற்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அவருக்கு ஒன்றுவிட்ட உறவாக இல்லாமலும் இருக்கலாம். ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளை, டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். அவர் பதவிக்கு வந்தபோது நம் ஊரில் சிலர் 'நம்மவர்' என்று மார்தட்டினார்கள். தமிழ் வம்சத்தவர் என்பதில் பெருமைப்படலாம். பட்டத்தைக் காட்டிச் சாதிக் கணக்கில் சேர்த்துக்கொள்வது அவருடைய வாழ்க்கைக்குச் செய்யும் அவமரியாதை என்பது என் எண்ணம். அங்கே அது சாதியைச் சொல்வதற்காக வைத்துக்கொள்ளும் பெயரும் அல்ல. வெள்ளையர் ஆட்சி எல்லோரையும் 'இந்தியர்' என்ற ஒரே பட்டியலில் அடைத்துச் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் என்ற டர்பன் புறநகர்க் குடியிருப்புகளுக்குத் துரத்தியபோது பிள்ளையும் நாயுடுவும் கோவெண்டரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் இதைப் போலவே ஏமாற்றும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தம்பிப்பிள்ளை சாலை இருக்கிறது. அதே நகரில் 1873-இல் மாரியம்மன் கோயிலை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளையின் பெயரால் உள்ள சாலையில் பட்டத்தை விட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் ராஃபிள்ஸுடன் 1819-இல் வந்திறங்கி, செங்கல் சூளை வைத்து, 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்கு அடிபோட்ட நாராயணப் பிள்ளையை ஒவ்வோர் ஆவணமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறது. தேடுகிறவர் ஓர் எழுத்துக்கூட்டலை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி மனிதரைத் தவறவிட்டுவிடுவார். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே, அது விநாயகருடையது.

தாத்தா ஏன் அந்தப் பட்டத்தை விட்டார் என்பதை அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். தாத்தா இயக்கத்துக்காரர் அல்லர். தினமும் திருநீறு பூசியவர். ஆனால் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது சில பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் வால் இருப்பதும் சில பிள்ளைகளுக்கு இல்லாமலிருப்பதும் அவரை உறுத்தியிருக்கிறது. அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது பட்டத்தை எழுதவில்லை, பிறகு தம் பெயரிலிருந்தும் எடுத்துவிட்டார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கமான தேவசகாயம் 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும் இதே விவாதம் எழுந்தது. அவர் பெயரோடு இருந்த பிள்ளைப் பட்டம் வேண்டாம் என்று இங்கிருந்து எழுதிக் கேட்டார்கள், ரோமாபுரியும் அதை நீக்கியே அறிவித்தது. விரும்பிக் கழற்றி வைத்ததை, ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டத்தை நிரப்புவதற்காக நாம் மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சர்நேம் இல்லாததால் நம்மவர்கள் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்ற பொருளில் மூன்று எழுத்துகளைப் பெயராக அச்சடித்து விடுகிறார்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயருள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றது. ஆகவே கட்டத்தைக் காலியாக விடாதே. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் சர்நேமாகச் சம்பந்தியின் பெயர் இருக்கிறது அல்லவா? பேரனுக்கும் அதையே எழுதுங்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. எழுதும்போது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை ஒன்றுவிடாமல் பார்த்து எழுது. 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா இல்லையா, இரட்டை எழுத்தா ஒற்றை எழுத்தா என்பதில் இப்போது கவனமாக இருந்தால், பின்னால் பிள்ளைக்கு ஆதார் எடுக்கும்போதும் பாஸ்போர்ட் மாற்றும்போதும் வக்கீலிடம் அலைய வேண்டாம். படிவத்தைக் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை ஒருமுறை, நீ ஒருமுறை என்று தனித்தனியாகப் படித்துப் பாருங்கள்.

அந்தப் பெருமாட்டியிடம் 'உறவு இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடாதே. அவருடைய பூட்டனின் ஒப்பந்த எண் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேள். பழைய திருமணச் சான்றிதழிலோ நிலப் பத்திரத்திலோ அது குறித்திருக்கும். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் கிராமத்தின் பெயர் கிடைக்கும். அதைக் கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்காது. வாய்விட்டு இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாலுகாவையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சென்னையிலிருந்து போனவர்களில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் நிறையப் பேர். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தோழி வேலூரில் இருக்கிறாள். அந்தப் பக்கத்துக் கிராமப் பெயர்கள் அவளுக்கு அத்துப்படி, நான் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா